அடி இறக்கம், யூரின் லீக்குக்கு ஸ்கேன் எழுதிக் குடுத்திருக்காங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

இருமினா தும்மினா ரெண்டு சொட்டு போயிடுது, இல்லன்னா கீழ உருண்டையா ஏதோ வந்து தட்டுப்படுது, இல்லன்னா பாத்ரூம் போய்ட்டு வந்தும் முழுசா போன மாதிரியே இல்ல. இதுல ஏதோ ஒண்ணுக்காக டாக்டரைப் பாத்துட்டு கையில ஸ்கேன் சீட்டோட நிக்கிறவங்களுக்கும், அவங்களைக் கூட்டிட்டுப் போற மகளுக்கும் மருமகளுக்கும்தான் இந்தப் பதிவு. எங்க அத்தைக்காக (மாமியார்தான், எனக்கு அத்தை) மதுரைல ஆஸ்பத்திரி, லேப், ஸ்கேன் சென்டர்னு அலைஞ்சதுல தெரிஞ்சுக்கிட்டது. நான் டாக்டர் கிடையாது, அதனால என்ன மாத்திரை, ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமான்னெல்லாம் சொல்ல மாட்டேன். எந்த டெஸ்ட் எதுக்கு, எப்படிப் போகணும், எவ்வளவு ஆகும், எங்க காசும் நேரமும் வீணாகும், அவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிடறேன். கர்ப்பப்பையோ மூத்திரப்பையோ கீழ இறங்கி வர்றதைத்தான் அடி இறக்கம்னு சொல்றேன். இந்தப் பிரச்சனை படுத்தா ஒளிஞ்சுக்கும். நின்னா, முக்கினா, தண்ணிக் குடம் தூக்கினாதான் வெளிய வரும். சாதாரண ஸ்கேன் படுக்க வெச்சு அசையாம எடுக்கிறது, அதுல 'நார்மல் ஸ்டடி'ன்னு வர்றது சகஜம். அந்த ஒரு வரிய வெச்சுக்கிட்டு வீட்ல "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லையே, நீயா நெனச்சுக்கிற"ன்னு முடிச்சிருவாங்க. அதனால எந்த டெஸ்டா இருந்தாலும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டுதான்: யூரின் ஃபுல்லா இருக்கணுமா காலியா இருக்கணுமா, முக்கச் சொல்லி எடுப்பீங்களா மாட்டீங்களா.

1. சீட்டு வாங்கும்போதே டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க

எல்லாருக்கும் ஸ்கேன் தேவையே இல்ல. இருமும்போது மட்டும் லீக் ஆகுது, வேற ஒரு தொந்தரவும் இல்லன்னா நிறைய டாக்டருங்க யூரின் டெஸ்ட் மட்டும் பாத்துட்டு, கையால பரிசோதிச்சுட்டு, கீகல் பயிற்சி (கீழ உறுப்புகளைத் தாங்கற அடித்தசைய இறுக்கி விடற பயிற்சி) சொல்லிக் குடுத்து அனுப்பிருவாங்க. அது சரியான வழிதான், "ஸ்கேன் கூட எழுதல, என்ன டாக்டர் இவங்க"ன்னு வேற இடத்துக்கு ஓடாதீங்க. கர்ப்பப்பை எவ்வளவு இறங்கிருக்குன்னு ஸ்டேஜ் போடறதே கையால பாத்துதான் போடறாங்க, மெஷின்ல இல்ல.

அப்போ ஸ்கேன் எப்போ வேணும்? யூரின் முழுசா வராம தேங்குதுன்னு சந்தேகம் இருந்தா, திரும்பத் திரும்ப யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தா, யூரின்ல ரத்தம் வந்தா, ஏற்கனவே ஆபரேஷன் பண்ணி திரும்பவும் இறங்கிருந்தா, மோஷன் போறதுக்கும் கஷ்டமா இருந்தா, இல்லன்னா ஆபரேஷனுக்கு நாள் குறிக்கப் போறாங்கன்னா.

சீட்டுல வெறும் 'பெல்விஸ் ஸ்கேன்'னு எழுதியிருந்தா வெளிய வராதீங்க. "டாக்டர், இதுல என்ன பாக்கணும்னு அதையும் ஒரு வரி எழுதிக் குடுத்துருங்க"ன்னு கேளுங்க. 'யூரின் போனதுக்கப்புறம் எவ்வளவு மிஞ்சுதுன்னு பார்க்கவும்', 'முக்கும்போது இறக்கம் பார்க்கவும்' இந்த மாதிரி. அந்த ஒரு வரி இல்லன்னா ஸ்கேன் பண்றவங்க கர்ப்பப்பை சைஸ், ஓவரி சைஸ் எழுதிக் குடுத்துட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுருவாங்க. அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது, சீட்டுல இருக்கறதைத்தான் அவங்க பாப்பாங்க.

யாரைப் பாக்கறதுன்னு குழப்பம் இருந்தா: கீழ இறக்கம்னா லேடி டாக்டர், யூரின் தொந்தரவு மட்டும்னா யூரோலஜிஸ்ட். ரெண்டும் சேர்ந்திருந்தா யூரோகைனகாலஜிஸ்ட்னு தனியா இருக்காங்க, சென்னை, கோவை மாதிரி பெரிய ஊர்ல தேடினா கிடைப்பாங்க.

2. மூணு நாள் நோட்டு

காசே இல்லாத டெஸ்ட் இது, ஆனா யாரும் உருப்படியா பண்றதில்ல. மூணு நாளைக்கு எத்தனை மணிக்கு என்ன குடிச்சீங்க, எத்தனை மணிக்கு யூரின் போனீங்க, எவ்வளவு போனீங்க, எப்போ லீக் ஆச்சு, அப்போ என்ன பண்ணிட்டிருந்தீங்க. அளக்கறதுக்கு மில்லி கோடு போட்ட பழைய பிளாஸ்டிக் மக் ஒண்ணை பாத்ரூம்லயே வெச்சிருங்க. ராத்திரி எழுந்து போறதையும் எழுதணும். எழுதத் தெரியாதவங்களா இருந்தா பக்கத்துல இருக்கறவங்க கேட்டு எழுதுங்க. எங்க அத்தை காபி குடிக்கிற கணக்கு வெளிய வந்ததே இந்த நோட்டுலதான், வீட்ல எல்லாரும் ரெண்டு டம்ளர்னு நெனச்சிட்டிருந்தோம்.

3. யூரின் கல்ச்சரை மொதல்ல குடுத்துருங்க

இதுலதான் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு வாரம் வீணாப் போகுது. டியூப் போட்டுப் பண்ற எந்த டெஸ்டுக்கும் (கீழ 8ல சொல்றேன்) யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கக் கூடாது. கல்ச்சர் ரிசல்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், கிருமி வளர்ந்துதான் தெரியணும், அதை யாராலயும் அவசரப்படுத்த முடியாது. கிருமி இருந்தா ஆன்டிபயாடிக் முடிச்சுட்டுதான் டெஸ்ட். அதனால அப்பாயின்ட்மென்ட் தேதிக்கு முதல் நாள் போய் கல்ச்சர் குடுத்தா பிரயோஜனம் இல்ல, டாக்டரைப் பாத்த அன்னிக்கே லேப்ல குடுத்துட்டு வந்துருங்க.

சாம்பிள் எடுக்கும்போது நல்லா கழுவிட்டு, மொதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும். கர்ப்பப்பை வெளிய தள்ளிட்டு இருக்கறவங்களுக்கு இது ஈஸி இல்ல, நர்ஸ்கிட்ட சொன்னா உதவி பண்ணுவாங்க. ஆன்டிபயாடிக் ஏற்கனவே சாப்பிட்டுட்டிருந்தா அதைச் சொல்லிடுங்க, ரிசல்ட் மாறிடும். வீட்டுல இருந்து எடுத்துட்டுப் போனா வெயில்ல வண்டிப் பெட்டிக்குள்ள போட்டு ஊர் சுத்தாதீங்க, லேப்லயே எடுக்கறது உத்தமம்.

4. பையில என்னென்ன இருக்கணும்

டாக்டர் சீட்டு ஒரிஜினல், அதோட ரெண்டு ஜெராக்ஸ். பொம்பளைங்களுக்கு இடுப்பு ஸ்கேன்னா சீட்டு இல்லாம பெரும்பாலான சென்டர்ல எடுக்க மாட்டாங்க, கரு ஆணா பொண்ணான்னு பாக்கறதைத் தடுக்கற சட்டம் இருக்கறதால ரெக்கார்டு விஷயத்துல ரொம்ப கறாரா இருப்பாங்க. எழுபது வயசுப் பாட்டிக்குக் கூட ஆதார் கேப்பாங்க, கோவப்படாம குடுத்துருங்க.

ஆதார், காப்பீட்டு அட்டை இருந்தா அது, பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் (ஃபிலிம் மட்டும் இல்ல, பேப்பரும்), சாப்பிடற மாத்திரை லிஸ்ட், சுகர் பிரஷர் விவரம். கர்ப்பப்பை எடுத்திருந்தா, வலை வெச்சு தூக்கிக் கட்டியிருந்தா, லீக்குக்கு டேப் போட்டிருந்தா, அந்த டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம். இருபது வருஷத்துக்கு முன்னாடி பண்ண ஆபரேஷன்னா பேப்பர் கிடைக்காது, பண்ண ஆஸ்பத்திரில ரெக்கார்டு செக்‌ஷன்ல கேட்டுப் பாருங்க, இல்லன்னா வருஷமும் என்ன பண்ணாங்கன்னும் தெரிஞ்ச வரைக்கும் ஒரு தாள்ல எழுதிக்கோங்க. எத்தனை பிரசவம், அதுல ஆயுதம் போட்டு எடுத்தது உண்டான்னும் கேப்பாங்க. ஆயுதம் போட்ட பிரசவத்துல அடித்தசை எலும்புல இருந்து பிஞ்சு போற வாய்ப்பு ஜாஸ்தி, அது அப்போ தெரியாம வருஷங்கழிச்சு இறக்கமா வந்து நிக்கும்.

மாத்துத் துணி, பேட், பழைய டவல், தண்ணி பாட்டில். கூட வர்றது பொம்பளையா இருந்தா நல்லது. மகன் கூட்டிட்டுப் போனா அந்தம்மா பாதி விஷயத்தை உள்ள சொல்லவே மாட்டாங்க.

5. வயித்து மேல வைக்கிற ஸ்கேன்: மிஞ்சின யூரின் கணக்கு

இதுதான் முதல் படி, மலிவு, வலி இல்ல, ரேடியேஷன் இல்ல. கிட்னில இருந்து மூத்திரப்பை வரைக்கும் பாக்கற கேயூபி ஸ்கேன். இறக்கம் ரொம்ப அதிகமா இருந்தா யூரின் டியூப் மடங்கி கிட்னி வீங்கிக்கூட போகும், அதனால கிட்னியையும் சேத்துப் பாக்கச் சொல்லியிருந்தா அது தேவையில்லாத செலவு இல்ல.

ஒரு மணி நேரம் முன்னாடி நாலஞ்சு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு அடக்கிட்டு இருக்கச் சொல்வாங்க. லீக் ஆகறதுக்குத்தான் ஸ்கேனே எடுக்க வந்திருக்கோம், அவங்ககிட்ட போய் அடக்கிட்டு உக்காருன்னா எப்படி? இதை கவுன்டர்லயே சொல்லிடணும்: "அடக்க முடியாது, லீக் ஆகும், கொஞ்சம் நிறைஞ்சதும் உள்ள கூப்பிட்டுருங்க"ன்னு. வயசானவங்கன்னா டோக்கன் வரிசையில முன்னாடி விடுவாங்க, கேட்டா. கேக்காம உக்காந்திருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல. கிட்னி கோளாறு, இதய நோய் இருந்து தண்ணி அளவா குடிக்கச் சொல்லியிருந்தா இந்த நாலஞ்சு டம்ளர் கணக்கு உங்களுக்கு இல்ல, டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

நிறைஞ்சிருக்கும்போது ஒரு தடவ பாப்பாங்க, அப்புறம் யூரின் போய்ட்டு வரச் சொல்லி மறுபடி பாப்பாங்க. ரெண்டாவது அளவுக்குப் பேருதான் பிவிஆர். 50 மில்லிக்குள்ள மிஞ்சினா கவலை இல்ல, 200க்கு மேல போனா தேங்குதுன்னு அர்த்தம், நடுவுல இருந்தா வயசு, தொந்தரவு எல்லாம் வெச்சு டாக்டர் சொல்வாங்க.

இந்த நம்பர் தப்பா வர்றதுக்கு எத்தனை வழி இருக்குன்னு பாருங்க. ஒண்ணு, பயங்கரமா அடக்கி வெச்சு, பை அளவுக்கு மீறி வீங்கிப் போயிருந்தா அது அன்னிக்கு சரியா சுருங்காது, நிறைய மிஞ்சின மாதிரி காட்டும். ரெண்டு, போய்ட்டு வந்து வரிசையில இருபது நிமிஷம் உக்கார வெச்சுட்டா குடிச்ச தண்ணி எல்லாம் அதுக்குள்ள திரும்பவும் இறங்கிரும். மூணு, பாத்ரூம். நாங்க போன ஒரு சென்டர்ல ஸ்கேன் ரூமுக்கு ஒரு மாடி கீழ பாத்ரூம், தாழ்ப்பாள் சரியில்ல, வெளிய மூணு பேர் நிக்கிறாங்க, கதவை வேற தட்டறாங்க. அத்தைக்கு மூட்டுவலி, இண்டியன் டாய்லெட்ல உக்கார முடியல, பாதி நின்னபடியே போய்ட்டு வந்தாங்க. அப்படிப் போனா யாருக்குமே முழுசா வராது. மிஞ்சினது நிறையன்னு ரிப்போர்ட் வந்துச்சு. வேற இடத்துல நிதானமா வெஸ்டர்ன் டாய்லெட்ல உக்காந்து போய்ட்டு வந்து உடனே பாத்தா அதுல பாதிகூட இல்ல.

அதனால போன்ல புக் பண்ணும்போதே வெஸ்டர்ன் டாய்லெட் ரூமுக்குப் பக்கத்துல இருக்கான்னு கேட்டுருங்க. போய் உக்காந்து, முடிஞ்சதும் எழுந்திரிச்சு ரெண்டு நிமிஷம் நின்னு, திரும்ப உக்காந்து இன்னொரு தடவ முயற்சி பண்ணுங்க. போய்ட்டு வந்ததும் நேரா ரூம் வாசல்ல போய் நில்லுங்க. நம்பர் அதிகமா வந்தா "இன்னொரு தடவ போய்ட்டு வரேன், திரும்பப் பாருங்க"ன்னு அன்னிக்கே கேளுங்க, பாப்பாங்க. ஒரே ஒரு பிவிஆர வெச்சு யாரும் பெரிய முடிவு எடுக்க வேண்டியதில்ல.

6. அடியில வைக்கிற ஸ்கேன்

டிரான்ஸ்லேபியல், டிரான்ஸ்பெரினியல்னு ரெண்டு பேர்ல சொல்வாங்க, ரெண்டும் ஒண்ணுதான். வயித்துல வைக்கிற அதே மாதிரி புரோபுக்கு உறை போட்டு, ஜெல் தடவி, கீழ வெளிப்பக்கமா வெச்சுப் பாக்கறது. உள்ள விடறது இல்ல. உள்ள விட்டுப் பாக்கறது டிவிஎஸ், அது வேற, அது கர்ப்பப்பைக்கும் ஓவரிக்கும். சென்டர்லயே கவுன்டர்ல இருக்கற பொண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாம டிவிஎஸ்னு பில் போட்டுருவாங்க, பில்லைப் பாத்து வாங்குங்க.

இதுக்கு யூரின் போய்ட்டு காலியா போகணும், முடிஞ்சா மோஷனும் போயிருக்கணும். முந்தின ஸ்கேனுக்கு நேரெதிர். ரெண்டும் ஒரே நாள்னா முதல்ல தண்ணி குடிச்சு எடுக்கறது, போய்ட்டு வந்து மிச்சம் பாக்கறது, அப்புறம் அப்படியே இது. இந்த வரிசைல போனா ஒரே தடவைல முடிஞ்சிரும்.

கீழ தாங்கறதுக்கு ரிங் போட்டிருந்தா கழட்டிட்டு வரணுமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க. ரிங் உள்ள இருந்தா எப்படி இறங்கும், எதைப் பாக்கறது?

உள்ள நடக்கறது இதுதான். முதல்ல சும்மா இருக்கும்போது ஒரு படம். அப்புறம் யூரினை அடக்கற மாதிரி இறுக்கச் சொல்வாங்க. அப்புறம் முக்கச் சொல்வாங்க, ஒரு ஆறு செகண்டாவது விடாம முக்கணும். இங்கதான் எல்லாரும் சொதப்பறாங்க, ஏன்னா வெளிச்சத்துல, தெரியாத ஆளு முன்னாடி காலை அகட்டிப் படுத்துட்டு முக்குன்னா உடம்பு தானா இறுக்கிக்கும். ரூம்ல நானும் இருந்தேன். அத்தை முகம் சிவக்குது, பல்லைக் கடிக்கிறாங்க, ஸ்கிரீன்ல ஒண்ணும் அசையல.

"அம்மா, நீங்க இறுக்கறீங்க. விட்டு முக்குங்க, மோஷன் போற மாதிரி."

"ஏம்மா, முக்கினா ஒண்ணுக்கு வந்துரும்மா."

"வரட்டும்மா, அதுக்குத்தான கீழ ஷீட் விரிச்சிருக்கேன். எனக்கு அது வந்தாத்தான் வேணும்."

அந்த டாக்டரம்மா அப்படிச் சொன்னதுக்கப்புறம்தான் அத்தை முக்கினாங்க, கறுப்பா இருந்த மூத்திரப்பை எலும்பைத் தாண்டி கீழ சரிஞ்சது எனக்கே தெரிஞ்சுது. இத்தனை மாசமா நார்மல்னு வந்த அதே ஆளுதான்.

முந்தின நாள் ராத்திரியே வீட்ல படுத்துட்டு முக்கிப் பழகிட்டுப் போங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. படுத்து முக்க வரலன்னா நின்னுட்டு பாக்க முடியுமான்னு கேளுங்க, சில பேர் பாப்பாங்க. இறுக்கும்போது ஸ்கிரீனைக் காட்டச் சொல்லுங்க, கீகல் பயிற்சில எந்தத் தசையை இழுக்கணும்னு அதைப் பாத்தா ஒரே நிமிஷத்துல புரியும், வருஷக்கணக்கா வயித்தை எக்கிட்டு அதுதான் பயிற்சின்னு இருக்கறவங்க நிறைய பேர்.

பழைய வலையோ டேப்போ உள்ள இருந்தா எம்ஆர்ஐய விட இதுலதான் அது நல்லா தெரியும், அதனால ஏற்கனவே ஆபரேஷன் ஆனவங்க இதைப் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. கஷ்டம் என்னன்னா எல்லா ஊர்லயும் இதைப் பண்றவங்க இல்ல. போன்ல "அடித்தசை ஸ்கேன், முக்கச் சொல்லி எடுக்கறது, பண்ணுவீங்களா, எந்த டாக்டர், எந்த நாள்"னு கேட்டுட்டுப் போங்க. "வாங்க பாத்துக்கலாம்"னு சொன்னா போகாதீங்க.

7. எம்ஆர்ஐ

மோஷன் கஷ்டமும் சேர்ந்திருந்தா, ரெண்டு மூணு உறுப்பு ஒண்ணா இறங்கியிருந்தா, திரும்ப ஆபரேஷன்னா இதை எழுதுவாங்க. சாதா பெல்விஸ் எம்ஆர்ஐ வேற, இது வேற. டைனமிக் எம்ஆர்ஐ, எம்ஆர் டிஃபெகோகிராஃபின்னு சொல்வாங்க. பின்பக்கமா ஜெல் ஏத்தி, மெஷின் ஓடிட்டிருக்கும்போதே இறுக்கச் சொல்லி, முக்கச் சொல்லி, கடைசில அந்த ஜெல்லை அங்கேயே வெளிய தள்ளச் சொல்வாங்க. கேக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஆனா அந்தக் கடைசிக் கட்டத்துலதான் குடல் முன்னாடி பிதுங்கறதும் உள்ளுக்குள்ளயே மடியறதும் தெரியும். வெக்கப்பட்டு தள்ளாம விட்டா அந்த ஆயிரக்கணக்கான ரூபாய் போச்சு. ஷீட், டயப்பர் எல்லாம் போட்டிருப்பாங்க, டெக்னீஷியன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பாங்க. புக் பண்ணும்போதே ஜெல் வெச்சு வெளிய தள்ற கட்டம் வரைக்கும் எடுப்பாங்களான்னு கேட்டுக்கோங்க, சில இடத்துல ஜெல் இல்லாம முக்கறதோட நிறுத்திருவாங்க.

மேல இருக்கற மெட்டல் எல்லாம் கழட்டணும். தாலில கோர்த்த ஊக்கு, மெட்டி, மூக்குத்தி, வளையல், ஹேர்பின், ஜாக்கெட் கொக்கி, பல்செட், காது மெஷின். மெட்டியும் மூக்குத்தியும் வருஷக்கணக்கா கழட்டாம இறுகிப் போயிருக்கும், சென்டர்ல வந்து சோப்புப் போட்டு இழுத்தா விரல் வீங்கிரும், வீட்லயே முந்தின நாள் கழட்டிருங்க. தாலியக் கழட்ட மனசு வராதவங்களுக்கு ஒரு மஞ்சள் கயிறு வாங்கிட்டுப் போய் அந்த நேரத்துக்குக் கட்டி விடுங்க, சண்டை மிச்சம். நகைய கையில வெச்சுக்க ஒரு ஆள் வெளிய இருக்கணும், லாக்கர நம்பாதீங்க. பேஸ்மேக்கர், தலையில கிளிப், காப்பர் டி, எலும்புல பிளேட் எதுவா இருந்தாலும் படிவத்துல எழுதணும், பேஸ்மேக்கர்னா வாயாலயும் சொல்லணும்.

அரை மணி நேரம் ஆகும், சத்தம் பலமா இருக்கும், காதுக்கு பஞ்சோ ஹெட்போனோ குடுப்பாங்க. இந்த எம்ஆர்ஐக்கு பெரும்பாலும் டை ஊசி (படம் நல்லா தெரியறதுக்கு ஏத்தற மருந்து) தேவைப்படாது, அதனால பில்லுல கான்ட்ராஸ்ட்னு போட்டிருந்தா எதுக்குன்னு கேளுங்க.

8. டியூப் போட்டுப் பண்றது

யூரோடைனமிக்ஸ் நிஜத்துல ஸ்கேன் இல்ல, பிரஷர் டெஸ்ட். ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி நிறைய பேருக்கு எழுதுவாங்க. மூத்திரப்பைல ஒரு மெல்லிசு டியூப், பின்பக்கம் ஒண்ணு, தண்ணி ஏத்தி எப்போ முட்டுது, இருமினா லீக் ஆகுதா, பை தானா துடிக்குதான்னு பாப்பாங்க. முக்கால் மணி நேரம் வெச்சுக்கோங்க. முதல்ல ஒரு மெஷின் வெச்ச நாற்காலில உக்காந்து யூரின் போகச் சொல்வாங்க, அதுல 150 மில்லிக்கு மேல போனாத்தான் கணக்கு சரியா வரும், அதனால இதுக்கு மூத்திரப்பை நிறைஞ்சுதான் போகணும். யூரின் அவசரத்துக்கு மாத்திரை சாப்பிட்டா எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. ஒருநாள் ரெண்டு நாள் எரிச்சல் இருக்கும், தண்ணி நிறைய குடிங்க, காய்ச்சல் குளிர் வந்தா உடனே போயிருங்க.

இறக்கம் பெருசா இருக்கறவங்க இதுல ஒண்ணு கேக்கணும்: உருண்டைய உள்ள தள்ளி வெச்சுட்டும் இரும வெச்சுப் பாப்பீங்களா? ஏன்னா இறங்கின மூத்திரப்பை, யூரின் வெளிய வர்ற குழாயை மடக்கி வெச்சிருக்கறதால லீக் தெரியாம இருக்கும். ஆபரேஷன் பண்ணி தூக்கிக் கட்டினதும் மடிப்பு நிமிர்ந்து லீக் ஆரம்பிக்கும், "ஆபரேஷனுக்கு முன்னாடி இது இல்லையே"ன்னு சொல்றவங்க கதை பாதி இதுதான்.

எம்சியூன்னா டியூப் வழியா டை விட்டு எக்ஸ்ரே. சிடி யூரோகிராம்னா கையில டை ஊசி, உடம்பு சூடாகற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனுக்கப்புறம் ராத்திரி பகல் நிக்காம வடிஞ்சிட்டே இருந்தா ஓட்டை விழுந்திருக்கான்னு பாக்க இதைச் சொல்வாங்க. டை ஊசின்னா கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கற ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட் புதுசா இருக்கணும், அலர்ஜி, ஆஸ்துமா, சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடறது எல்லாம் முன்கூட்டியே சொல்லணும். எம்சியூ, சிடி ரெண்டுலயும் ரேடியேஷன் உண்டு, மாசமா இருக்க வாய்ப்பு இருந்தா வாயைத் திறந்து சொல்லிடணும்.

9. காசு

தனியார்ல நாங்க விசாரிச்ச வரைக்கும் சுமாரான கணக்கு, ஊருக்கு ஊர் மாறும்: யூரின் கல்ச்சர் 400ல இருந்து 800, வயித்து ஸ்கேன் 800ல இருந்து 1,500, அடியில வைக்கிறது 1,500ல இருந்து 4,000, யூரோடைனமிக்ஸ் 3,000ல இருந்து 8,000, எம்ஆர்ஐ 7,000ல இருந்து 12,000, சிடி யூரோகிராமும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். எம்ஆர்ஐக்கு நாலு இடத்துல போன் பண்ணுங்க, ஒரே ஊர்லயே ரெண்டாயிரம் மூவாயிரம் வித்தியாசம் வரும். ஃபிலிம் வேண்டாம், படத்தை டிஸ்க்ல போட்டுக் குடுத்தா போதும்னா குறைப்பாங்களான்னும் கேளுங்க.

அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா ஓபில அல்ட்ராசவுண்டுக்கு காசு இல்ல, எம்ஆர்ஐ, சிடிக்கு தனியாரை விட ரொம்பக் கம்மி. ஆனா தேதி தள்ளிக் குடுப்பாங்க, காலைல சீக்கிரம் போய் ஓபி சீட்டு போடணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்ப வருட வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா சேரலாம், வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போகணும், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும். அட்டை இருந்தா எல்லா ஸ்கேனும் ஃப்ரீன்னு நெனச்சுட்டுப் போயிராதீங்க, எந்த டெஸ்டு கவர் ஆகும், எந்த ஆஸ்பத்திரில, முன் அனுமதி வேணுமான்னு 1800 425 3993க்கு போன் பண்ணியோ ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்லயோ டெஸ்டுக்கு முன்னாடியே கேட்டுருங்க. எடுத்துட்டு வந்து அட்டைய நீட்டினா வேலைக்கு ஆகாது.

தனியார் இன்சூரன்ஸ் இருக்கறவங்களுக்கு: சும்மா ஓபில எடுக்கற ஸ்கேனுக்கு பெரும்பாலும் காசு வராது. ஆனா அதே வியாதிக்கு அப்புறம் அட்மிட் ஆகி ஆபரேஷன் பண்ணா, அட்மிட்டுக்கு முந்தின 30 இல்ல 60 நாள்ல (பாலிசியப் பொறுத்து) எடுத்த ஸ்கேன் பில்லையும் சேத்துக் கேக்கலாம். அதுக்கு பில்லு, ரிப்போர்ட், எழுதிக் குடுத்த சீட்டு மூணும் ஒரிஜினலா வேணும். சென்டர்ல சீட்டை வாங்கி வெச்சுக்கப் பாப்பாங்க, ஜெராக்ஸைக் குடுத்துட்டு ஒரிஜினலைக் கையில வெச்சுக்கோங்க. ஆபரேஷன் தேதி தள்ளிப் போயிட்டே இருந்தா இந்த நாள் கணக்கு தாண்டிரும், அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

10. ரிப்போர்ட் வந்ததும்

கவரைப் பிரிச்சு சென்டர்லயே நின்னு நாலு விஷயம் பாருங்க. பேரு, வயசு சரியா இருக்கா (ஒரே பேர்ல ரெண்டு பேர் வர்றது ரொம்ப சகஜம்). யூரின் போறதுக்கு முன்னாடி அளவு, போனதுக்கப்புறம் அளவு ரெண்டும் மில்லில இருக்கா. சும்மா இருக்கும்போது, முக்கும்போதுன்னு ரெண்டும் தனித்தனியா எழுதியிருக்கா. முக்கறது சரியா வரலன்னா அதையும் எழுதியிருக்காங்களா, ஏன்னா அது எழுதலன்னா பாக்கற டாக்டர் ஒண்ணும் இறங்கலன்னு எடுத்துக்குவாரு. எம்ஆர்ஐன்னா படம் இருக்கற டிஸ்க் வாங்காம வராதீங்க, அடுத்த டாக்டர் பேப்பரை விட படத்தைத்தான் கேப்பாங்க. வாட்ஸ்அப்ல பிடிஎஃப்பும் அனுப்பச் சொல்லுங்க.

ரிப்போர்ட்ல இருக்கற வார்த்தைய எல்லாம் கூகிள்ல போட்டு ராத்திரி உக்காந்து படிக்காதீங்க. படத்துல பெருசா இறங்கியிருக்கும், ஆளுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, அப்போ ஆபரேஷன் வேண்டாம்னே சொல்லலாம். படத்துல கொஞ்சமாத்தான் இருக்கும், அந்தம்மா கல்யாணம் காட்சிக்கே போறதை நிறுத்தியிருப்பாங்க. ரிப்போர்ட்டோட அந்த மூணு நாள் நோட்டையும் சேத்து டாக்டர் மேஜைல வைங்க.

யூரினே வராம வயிறு முட்டி வலிச்சா, யூரின்ல ரத்தம் கட்டி கட்டியா வந்தா, காய்ச்சலோட விலாப் பக்கம் வலிச்சா இந்த வரிசையெல்லாம் பாத்துட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. அன்னிக்கும் அந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரி பையிலயே இருக்கட்டும்.